நின்ற வீணையும் கிடந்த வீணையும்

ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய தென்னிந்திய இசையரங்கில், ஒரே குருவிடமோ ஒரே குடும்பத்திலோ பயின்ற இருவர் இணைந்து கச்சேரி செய்வது வழக்கமாக நிலைபெற்றிருந்தது. நாகசுரத்திலும் வாய்ப்பாட்டிலும் அது பரவலாகக் காணப்பட்டாலும், தனிமையை விரும்பும் கருவி என்று பெயர்பெற்ற வீணையில் அது அரிதாகவே நிகழ்ந்தது. அந்த அரிய நிகழ்வை ஒரு தலைமுறைக் காலம் தளராமல் நடத்திக் காட்டியவர்கள், காரைக்குடி வீணை சகோதரர்கள் என்று அறியப்பட்ட சுப்பராமய்யரும் (பிறப்பு 1883) அவருடைய இளவல் சாம்பசிவய்யரும் (1888–1958) ஆவர். இவர்களுடைய இணைவாசிப்பை இரத்த உறவின் இயல்பான விளைவாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால், கருவியின் இயல்பு, புரவலர்களின் தேவை, அரங்கின் அளவு ஆகிய மூன்றும் கூடி உருவாக்கிய ஒரு தொழில்முறை ஏற்பாடாகவே அதைக் கொள்ள வேண்டும் என்பதும், இன்று காரைக்குடிப் பாணி என்று சொல்லப்படும் வாசிப்பு முறையின் பெரும்பகுதி இருவர் சேர்ந்து வாசித்ததன் கட்டாயங்களிலிருந்தே பிறந்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

சகோதரர்களின் குடும்பம் புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தைச் சேர்ந்தது. தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வமான பிரகதாம்பாள் உறையும் குடைவரைக் கோயிலைக் கொண்ட அவ்வூர், இசை வரலாற்றில் தனி இடம் பெற்ற ஒரு நிலப்பகுதியின் நடுவே அமைந்துள்ளது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத குடுமியான்மலையில், ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கொள்ளப்படும் இசைக் கல்வெட்டு, சுர வரிசைகளை ஏழு பிரிவுகளாகப் பகுத்துப் பாறையில் பொறித்து வைத்திருக்கிறது. உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கனான ஒரு மன்னன் அதைச் செய்வித்தான் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. அதன் இறுதியில் உள்ள தமிழ்த் தொடர், இச்சுர வரிசைகள் எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று குறிப்பிடுவதை, எட்டு நரம்புக் கருவிக்கும் ஏழு நரம்புக் கருவிக்கும் உரியவை என்று அறிஞர் பலர் விளக்கியுள்ளனர். திருமயத்திலும் மலையக்கோயிலிலும் உள்ள குறும்பொறிப்புகள் பரிவாதினி என்ற கருவியைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. பழைய நூல்கள் அதை ஏழு நரம்புகள் உடைய வீணையாக வருணிக்கின்றன. இந்தச் சான்றுகளிலிருந்து இருபதாம் நூற்றாண்டுச் சகோதரர்கள் வரை அறுபடாத ஒரு கோடு இழுக்க முடியாது என்பதை இங்கே தெளிவுபடுத்துதல் வேண்டும், ஏனெனில் அக்காலத்து வீணை எனப்பட்டது இன்றைய சரஸ்வதி வீணை அன்று. வில் வடிவ யாழும் கோல் வடிவ வீணையும் வழங்கிய காலம் அது. எனினும் ஒரு கருவியின் நரம்புகளுக்கு ஏற்பச் சுரங்களை வகுத்துக் கல்லில் பொறிக்கும் அளவுக்கு இசைப்பயிற்சியை மதித்த அரசுகள் இந்நிலப்பகுதியில் இருந்தன என்பதை அவை உறுதிப்படுத்துகின்றன.

சகோதரர்கள் கையில் எடுத்த கருவி தஞ்சாவூரில் உருப்பெற்றது. இரகுநாத நாயக்கர் (ஆட்சிக்காலம் 1600–1634) தஞ்சையை ஆண்டபோது, அவருடைய அமைச்சரும் அறிஞருமான கோவிந்த தீட்சிதரின் துணையுடன், ஒரு தாயிக்குப் பன்னிரண்டு வீதம் இரண்டு தாயிகளுக்கு இருபத்துநான்கு மெட்டுகளை நிலையாகப் பதித்து, எந்த இராகத்தையும் மெட்டுகளை நகர்த்தாமல் வாசிக்கும் வகையில் வீணை திருத்தம் பெற்றது என்பது மரபு. தாயி என்பது சட்சம் தொடங்கி அடுத்த சட்சம் வரையிலான சுரப் பரப்பு. மெட்டு என்பது விரல் அழுத்தும் இடத்தைக் குறிக்கும் உலோகக் குறுக்குச் சட்டம். வாசிப்புத் தந்திகள் நான்கும், தாளத்தையும் ஆதார சுருதியையும் ஒலிக்கும் பக்கத் தந்திகள் மூன்றுமாக ஏழு தந்திகளைக் கொண்ட இக்கருவி மூன்றரைத் தாயி அளவுக்கு இடம் தருகிறது. பலா மரத்தில் குடத்தையும் தண்டியையும் குடைந்து, தண்டியின் முனையில் யாளி முகத்தைச் செதுக்கி, மறுபுறம் ஒரு சுரைக்குடுக்கையைப் பொருத்தி முடிக்கும் இக்கைத்தொழில் இன்றும் தஞ்சாவூரில் நடந்து வருகிறது. பண்ருட்டிப் பகுதியின் முதிர்ந்த பலாவையே தச்சர்கள் விரும்பித் தேடுகின்றனர். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இக்கருவியின் ஓர் உறுப்பு இருவர் வாசிப்பைப் பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் இன்றியமையாதது. வீணையின் மெட்டுகள் மரத்தில் நேரடியாக அறையப்படுவதில்லை; தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து காய்ச்சிய கருமெழுகைத் தண்டியின் இருபுறமும் கரைபோல எழுப்பி, அதன்மேல் வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு, நகர்த்தி, இடம் கண்டு அழுத்திப் பதிப்பர். இதை மேளக்கட்டு என்பர். அளவுகோல் கொண்டு செய்யும் வேலை அன்று இது. மேளம் கட்டுபவரின் சுருதி ஞானமே மெட்டின் இடத்தைத் தீர்மானிக்கிறது. வெயிலில் மெழுகு இளகும், நாளடைவில் மெட்டு தேயும், தந்தியின் பருமன் மாறினால் பழைய இடம் பொருந்தாது. ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மேளக்கட்டை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். தனியாக வாசிப்பவர் தம் கருவியின் சிறு பிசகுகளைத் தந்தியைச் சற்று இழுத்துத் திருத்திக்கொண்டு, அந்தத் திருத்தத்தையே விரல் பழக்கமாக ஆக்கிக்கொள்ள முடியும். இரண்டு வீணைகள் ஒரே சுரத்தை ஒரே கணத்தில் ஒலிக்கும்போது அந்த வசதி இல்லை: ஒரு கருவியின் காந்தாரம் மற்றதைவிட மயிரிழை ஏறியிருந்தாலும் ஒலி மோதிச் சலசலக்கும். எனவே இரண்டு வீணைகளின் மேளக்கட்டும் ஒரே காதால் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட வேண்டும். தந்திகளின் பருமனும் குதிரையின் சரிவும் ஒத்திருக்க வேண்டும். கச்சேரிக்கு முன் இரண்டின் பதினான்கு தந்திகளும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒரு வீட்டில் வாழ்ந்து, ஒருவர் கருவியை மற்றவர் நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்களுக்கே இது நீடித்துக் கைகூடும். வீணையில் இரட்டையர் அரிதாக இருந்ததற்கு முதற்காரணம் இதுவே என்று கருத இடமுண்டு.

சகோதரர்கள் தம் குடும்பத்தில் ஏழாம் தலைமுறை வைணிகர்கள். வைணிகர் என்பது வீணை வாசிப்பைத் தொழிலாகக் கொண்டவரைக் குறிக்கும் சொல். தந்தை சுப்பையரிடமே இருவரும் பயின்றனர். ஏழு தலைமுறை என்ற கணக்கு வெறும் குலப்பெருமையாக எடுத்துக்கொள்ளத்தக்கது அன்று. அச்சு நூல்களும் ஒலிப்பதிவும் இல்லாத நாளில் ஒரு கீர்த்தனையின் வடிவம், ஓர் இராகத்தின் பிடிகள், மேளம் கட்டும் நுட்பம், விரல் வைக்கும் முறை ஆகிய அனைத்தும் வீட்டின் நினைவில் மட்டுமே வாழ்ந்தன. அந்த நினைவு ஒருவரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டால் ஒரு மரணத்தால் அழிந்துவிடும், இருவரிடம் இருந்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துத் தருவார். புதுக்கோட்டை சமஸ்தானம் அளவில் சிறியதாயினும் இசைவாணர்களுக்கு இடம் தந்தது. குறிப்பாகத் தாளத் துறையில் அங்கே ஒரு தனிப்பள்ளியே எழுந்தது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய கருவியாக உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையும், அவருடைய மாணவராக மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரும்புகழ் பெற்ற தட்சிணாமூர்த்தி பிள்ளையும் (1875–1936) அவ்வூரின் பெயரைத் தென்னகமெங்கும் கொண்டு சென்றவர்கள். பிற்காலத்தில் சகோதரர்களின் வாசிப்பில் புகழப்பட்ட தாளக் கட்டுப்பாட்டை இந்தச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

திருக்கோகர்ணத்திலிருந்து காரைக்குடிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஆனால் சகோதரர்கள் அங்கே குடியேறியது ஒரு புரவலர் உலகிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதற்கு ஒப்பாகும். பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலும் வணிகமும் நடத்திய நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளிலும் ஈட்டிய பெருஞ்செல்வம் செட்டிநாட்டு ஊர்களில் மாளிகைகளாகவும் கோயில் திருப்பணிகளாகவும் உருக்கொண்டது. திருமணம், சாந்தி, புதுமனை புகுவிழா, குடமுழுக்கு என ஆண்டு முழுதும் விழாக்கள் நடந்தன. அவற்றில் புகழ்பெற்ற வித்துவான்களின் கச்சேரி வைப்பது விழா நடத்தும் குடும்பத்தின் தகுதிக்கு அடையாளமாயிற்று. காரைக்குடியை அடுத்த அரியக்குடியில் பிறந்த இராமானுஜ ஐயங்கார் (1890–1967), பிற்காலக் கச்சேரி முறைக்கு வடிவம் தந்தவராகப் போற்றப்படுபவர், இதே வட்டாரத்தின் ஆதரவில் வளர்ந்தவர். சகோதரர்கள் இந்தச் சூழலில்தான் காரைக்குடியைத் தம் பெயரின் முன் ஒட்டிக்கொண்டனர். பிறந்த ஊர் பின்னுக்குச் சென்று வாழ்ந்த ஊரே பெயராக நிலைத்தது.

செட்டிநாட்டு வீட்டின் முகப்பும் வளவும் பட்டாலையும் எவ்வளவு விரிந்தவை என்பதை அறிந்தவர்களுக்கு, அங்கே வீணை எதிர்கொண்ட சிக்கல் எளிதில் புரியும். வளவு என்பது நடுவே வானம் திறந்த முற்றம். அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரங்களில் நூற்றுக்கணக்கானோர் அமர்வர். ஊர்வலத்துக்கென்றே அமைந்த நாகசுரத்துக்கு அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. வீணையோ கைக்கெட்டும் தொலைவில் இருப்பவருக்காக அமைந்த கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலின் பக்கவாத்தியமாக விரைந்து இடம்பிடித்ததற்கு, அதன் ஒலி வில்லின் இழுப்பில் நீண்டு நிற்பதும் கூட்டத்தைத் தாண்டிச் செல்வதும் காரணங்களாயின; வீணை பின்தங்கியதற்கும் அதே காரணங்களைச் சொல்லலாம். இச்சிக்கலுக்கு அக்காலத்து வைணிகர்கள் இரண்டு வகையாக விடை கண்டனர். ஒன்று, சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) கண்ட விடை: தம் வீட்டிலேயே, வெள்ளிக்கிழமை மாலைகளில், தேர்ந்த சில இரசிகர்களுக்கு முன், மிருதங்கம் இன்றி மெல்ல மீட்டியும் உடன் பாடியும் நிகழ்த்திய அரங்கு அது, அங்கே கேட்பவர் கருவியை நாடி வந்தார். காரைக்குடி சகோதரர்கள் கண்டது அதற்கு நேர் எதிரானது. அவர்கள் கருவியைக் கூட்டத்தின் நடுவே கொண்டு சென்றனர். அழுத்தமான மீட்டும் இரட்டை ஒலியும் மிருதங்கத் துணையும் கொண்டு அதை நிறைகச்சேரிக் கருவியாக நிறுத்தினர். இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு இரசிகர்களிடையே நெடுநாள் நடந்ததுண்டு. வெவ்வேறு இடங்களுக்கு வெவ்வேறு இசை தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொண்டால் அவ்வழக்குக்கு வேலையில்லை.

இரண்டு வீணைகள் சேர்ந்தால் ஒலி இரண்டு மடங்காகிவிடாது. காதுக்குப் படும் உயர்வு அதைவிடக் குறைவே. ஆயினும் மீட்டப்பட்ட தந்தியின் நாதம் விரைந்து தேயும் கருவியில், ஒருவரின் மீட்டு தேயும் இடத்தில் மற்றவரின் மீட்டு தாங்கிக்கொள்ளும்போது இசையின் உடல் தடிக்கிறது. ஒருவர் நடுத் தாயியில் வாசிக்க மற்றவர் கீழ்த் தாயியில் அதையே வாசிக்கும் வாய்ப்பும் உண்டு. தாளத் தந்திகள் மூன்றுக்கு ஆறாகின்றன. ஆலாபனையில் ஒருவர் ஓயும்போது மற்றவர் தொடர்வதால் கை களைப்பாறுகிறது. நான்கு ஐந்து மணி நேரம் நீளும் அக்காலக் கச்சேரிக்கு இது சிறிய உதவி அன்று.

சகோதரர்களைப் பற்றிய குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி ஒன்று உண்டு: மூத்தவர் வீணையை நிறுத்தி வைத்து, தம்புரா போலச் செங்குத்தாகப் பிடித்து வாசித்தார், இளையவர் இன்று எல்லோரும் செய்வதுபோலக் கிடைமட்டமாக, குடத்தை வலப்புறம் தரையில் இருத்தி, சுரைக்குடுக்கையை இடத்தொடையில் தாங்கி வாசித்தார். மேடையில் ஒரு வீணை நின்றும் ஒரு வீணை கிடந்தும் காட்சி தந்தன. இதை ஒரு விசித்திரமாகச் சொல்லிக் கடந்து செல்வதே பெரும்பாலான எழுத்துகளின் வழக்கம். ஆனால் இதில் பொதிந்துள்ள இசைப்பொருள் கூர்ந்து நோக்கத்தக்கது. வீணையைப் படுக்கவைத்துப் பிடிக்கும்போது இடக்கை தண்டியின் அடியாகச் சென்று மேலே வளைந்து மெட்டுகளை அடைகிறது; நிறுத்திப் பிடிக்கும்போது அதே கை மேலும் கீழுமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. கமகம் எனப்படும் சுர அசைவுக்காகத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கும் வேலை இரண்டு நிலைகளிலும் வெவ்வேறு தசைகளைச் சார்ந்தது. ஜாரு எனப்படும் வழுக்கலில், அதாவது ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரலைத் தூக்காமல் நழுவிச் செல்வதில், கையின் எடை ஒரு நிலையில் துணைபுரியும், மற்றொன்றில் தடைசெய்யும். இவ்வளவு வேறுபட்ட உடல்நிலைகளிலிருந்து இருவரும் ஒரே கமகத்தை, ஒரே வீச்சில், ஒரே கால அளவில் எழுப்பினர் என்றால், அந்த ஒற்றுமை விரல்களின் பழக்கத்தில் இருந்திருக்க முடியாது. இருவரும் மனத்தில் கேட்ட இசை வடிவத்தில் மட்டுமே அது இருந்திருக்க வேண்டும். ஒருவர் கையைப் பார்த்து மற்றவர் பின்பற்றும் எளிய வழி அவர்களுக்கு அடைபட்டிருந்தது. இரட்டையர் வாசிப்பின் வரலாற்றில் இதற்கு இணையான இன்னொரு சான்றைக் காட்டுவது கடினம்.

மனத்தில் உள்ள அந்த வடிவத்தை இருவரும் ஒத்துக்கொள்வதற்கு வீணையில் ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு, அதுவே மீட்டு. பாடகர் ஒரு கீர்த்தனையைப் பாடும்போது சொல்லின் எழுத்துகள் இசையைப் பகுக்கின்றன. வைணிகரிடம் சொல் இல்லை. எந்த எழுத்து விழும் இடத்தில் வலக்கை விரல் தந்தியை மீட்ட வேண்டும், எந்த இடத்தில் மீட்டாமல் முந்தைய நாதத்தின் மிச்சத்திலேயே இடக்கையால் அடுத்த சுரங்களைப் பிடிக்க வேண்டும் என்பதே அவருடைய உச்சரிப்பு. நல்ல வைணிகர் மீட்டுவதைக் கேட்டால், பாடலை அறிந்தவருக்குச் சொற்கள் காதில் விழும். தனி வாசிப்பில் இந்த மீட்டுகளின் இடத்தை அன்றைய மனநிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இருவர் சேர்ந்து வாசிக்கையில் ஒரு மீட்டு இடம் தவறினாலும் ஒரே சொல்லை இருவர் வெவ்வேறு இடத்தில் முறித்துச் சொன்னதுபோல ஒலிக்கும். ஆகவே ஒவ்வொரு கீர்த்தனைக்கும் எழுத்துக்கு எழுத்து மீட்டின் இடம் முடிவு செய்யப்பட வேண்டியதாயிற்று. காரைக்குடிப் பாணியின் தலையாய இயல்புகளாகச் சொல்லப்படுபவை, அழுத்தமும் தெளிவும் கொண்ட மீட்டு, சாகித்தியத்தை ஒட்டிய வாசிப்பு, அளவான வேகம், பாடாந்தரத்தை மாற்றாத கண்டிப்பு ஆகியவை. பாடாந்தரம் என்பது ஒரு குருவழியில் வந்த கீர்த்தனையின் குறிப்பிட்ட வடிவம். இவ்வியல்புகள் அனைத்தும் இருவர் ஒத்து வாசிக்கும் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இந்த ஒழுங்கு முழுமையாக வெளிப்பட்ட இடம் தானம். இராகம், தானம், பல்லவி என்ற மூன்றடுக்கில் நடுவில் நிற்கும் தானம், தாளக் கட்டுக்குள் அடங்காமலேயே உள்ளார்ந்த ஒரு நடையுடன் சுரக் கோவைகளை அடுக்கிச் செல்வது. பாடுவோர் அதைச் சில அசைகளைக் கொண்டு பாடுகின்றனர் என்றாலும், அதன் இயல்பான வீடு வீணையே என்று இசையறிஞர் கருதுகின்றனர், ஏனெனில் வாசிப்புத் தந்தியையும் தாளத் தந்திகளையும் மாற்றி மாற்றி மீட்டுவதில் கிடைக்கும் துடிப்பே தானத்தின் உயிர். காரைக்குடி சகோதரர்களின் தானம் அவர்கள் காலத்திலேயே பெயர்பெற்றது. அவர்களுடைய மாணவர் வழியிலும் தானமே முதன்மையான அடையாளமாகத் தொடர்ந்தது. முன்கூட்டிக் கட்டப்படாத, ஆனால் நடை தவறாத இந்தப் பகுதியில் இருவர் கைமாற்றிக்கொண்டு செல்வதற்கு, மற்றவர் எங்கே முடிப்பார் என்பதை முடிவதற்கு முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் மிருதங்கம் இந்த இணையில் மூன்றாம் உறுப்பு. வீணைக்கு மிருதங்கம் வாசிப்பது எளிய பணி அன்று. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ஒரு கனத்த அடி வீணையின் ஒரு முழுச் சங்கதியை விழுங்கிவிடக்கூடும். தம் ஆற்றலின் அளவால் எந்தப் பாடகரையும் மேடையில் மூடிவிடக் கூடியவர் என்று பெயரெடுத்த ஒரு லய மேதை, இரண்டு வீணைகளின் நாதத்துக்குள் தம் ஒலியை அடக்கி வாசித்தார் என்பது அவருடைய இசையறிவுக்குச் சான்று. ஒரே மண்ணின் தாள மரபில் மூவரும் வளர்ந்தவர்கள் என்பதால், சகோதரர்களின் மீட்டு எங்கே விழும் என்பது அவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

1930களின் நடுவில் சுப்பராமய்யர் மறைந்தார். தட்சிணாமூர்த்தி பிள்ளையும் 1936இல் காலமானார். சாம்பசிவய்யருக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. சிறுவயது முதல் பக்கத்தில் இன்னொரு வீணை ஒலிக்கக் கேட்டே வாசித்த ஒருவர் தனியே அமர வேண்டிய நிலை அது. இழப்பின் தனிப்பட்ட பக்கத்தைவிட வரலாற்றுக்கு முக்கியமானது, அதே ஆண்டுகளில் இரட்டை வீணையைத் தாங்கிய உலகமும் கரையத் தொடங்கியது என்பதாகும். 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாடமி போன்ற சபைகள், சீட்டு வாங்கி உள்ளே வரும் நகரத்து இரசிகரைப் புதிய புரவலராக்கின. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் வந்தன. ஒலிவாங்கியின் முன் ஒரு வீணையின் மென்மையான கமகமும் எட்டாத ஊர்களில் கேட்டது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது நகரத்தாரின் முதலீடு பெருமளவு அங்கே சிக்கி அழிந்தது. செட்டிநாட்டு விழாக்கள் சுருங்கின. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானமே இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அரசவை, செட்டிநாட்டு வளவு, ஒலிபெருக்கியற்ற அரங்கு ஆகிய மூன்றும் வித்துவானின் வாழ்விலிருந்து விலகின.

சாம்பசிவய்யர் இந்த மாற்றத்தை எதிர்கொண்ட முறை பெருமதிப்புக்குரியது. புதிய அரங்கின் சுவைக்கு ஏற்பத் தம் வாசிப்பைத் தளர்த்திக்கொள்ளாமல், இருவராக இருந்து வகுத்த பாடாந்தரத்தையும் மீட்டு ஒழுங்கையும் அப்படியே காத்து, அதைக் கற்பிப்பதில் தம் ஆற்றலைச் செலுத்தினார். அவருடைய குருகுலம் கண்டிப்புக்குப் பெயர்போனது. 1932இல் பிறந்த ரங்கநாயகி ராஜகோபாலன், எழுத்தறியும் பருவத்திலேயே காரைக்குடியில் அவர் வீட்டில் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்து பயின்றவர். குருவின் பாணியைத் தூய்மை குன்றாமல் வாசித்தவர் என்று பின்னாளில் அவர் மதிக்கப்பட்டார். 1952ஆம் ஆண்டு சாம்பசிவய்யருக்கு இரண்டு பேறுகளைக் கொண்டுவந்தது: சங்கீத நாடக அகாடமி விருதைத் தொடக்க ஆண்டுகளிலேயே பெற்ற மிகச்சிலருள் ஒருவரானார், மியூசிக் அகாடமி தன் மாநாட்டுத் தலைமையையும் சங்கீத கலாநிதி பட்டத்தையும் அவருக்கு அளித்தது. வாழ்வின் இறுதியாண்டுகளில் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்து, 1958இல் காலமானார். ஏழு தலைமுறையாக ஒரு வீட்டுக்குள் மட்டும் கைமாறிய வித்தை, ஒரு கல்வி நிறுவனத்தின் பாடத்திட்டத்துக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

மூத்தவரின் வழியும் அற்றுப்போகவில்லை. சுப்பராமய்யரின் மகள் லட்சுமி அம்மாள் தாமும் வீணை பயின்று தம் மக்களுக்கு முதற்பாடம் தந்தவர்; அவர் மகள் ராஜேஸ்வரி பத்மநாபன் (1939–2008) கலாக்ஷேத்திராவில் சாம்பசிவய்யரிடம் பயின்று, பின்பு அங்கேயே பல ஆண்டுகள் ஆசிரியராக விளங்கினார். லட்சுமி அம்மாளின் மகன் சுப்பிரமணியனைச் சாம்பசிவய்யர் முறைப்படி சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அண்ணனின் பேரன் தம்பியின் மகனாக ஆன இந்த ஏற்பாட்டில், மேடையில் இணைந்திருந்த இரண்டு கிளைகளும் வாரிசு வழியிலும் ஒன்றாயின. காரைக்குடி சுப்பிரமணியன் பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், வீணை மரபையும் அதற்குள் தனியொருவரின் நடை எவ்வாறு உருவாகிறது என்பதையும் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். 1989இல் சென்னையில் பிருஹத்வனி என்ற இசை ஆய்வு, பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, குரு வாயால் மட்டும் சொல்லி வந்த பாடமுறையைப் படிப்படியான கற்பித்தல் நெறியாக மாற்றும் முயற்சியில் ஈடுபட்டார். ஒரு கமகத்துக்குள் எத்தனை சுரங்கள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதைப் பகுத்து எழுதும் அவருடைய அணுகுமுறை, இரண்டு தலைமுறைக்கு முன் இரண்டு வீணைகள் ஒத்து ஒலிப்பதற்காகச் செய்யப்பட்ட பகுப்பின் அறிவுத்துறை வடிவம் என்று கொண்டால் பிழையாகாது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீணை மேடையை எஸ். பாலசந்தரும் (1927–1990) சிட்டிபாபுவும் (1936–1996) ஆட்கொண்டனர். இருவரும் தனி வாசிப்பின் மேதைகள். ஒலிபெருக்கியைத் தம் இசையின் ஓர் உறுப்பாகவே ஏற்றவர்கள். ஒரே மெட்டில் பல சுரங்களுக்குத் தந்தியை இழுக்கும் நெடுங்கமகமும், தேய்ந்து கரையும் நாதத்தின் கடைசி இழை வரை பின்தொடரும் வாசிப்பும் கருவியுடன் ஒலிவாங்கி இணைந்த பிறகே பெருங்கூட்டத்துக்கு எட்டின. அத்தகைய வாசிப்பு இன்னொருவரின் மீட்டுக்கு இடம் தராது. ஒலியின் தேவை நீங்கியதும் இரட்டை வீணைக்கு இருந்த புறக்காரணம் நீங்கியது. அகக்காரணமாகிய ஒத்த பயிற்சியைத் தரும் கூட்டுக்குடும்பமும் குருகுலமும் அருகின. நாகசுரத்தில் நிலைமை வேறாக இருந்தது: கோயில் பணியும் திருமண மேளமும் இருவரை வேண்டியதால் இணைவாசிப்பு அங்கே தொடர்ந்தது, திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும் அமைத்த இணை அதற்கு உயர்ந்த எடுத்துக்காட்டு, 1956இல் சுப்பிரமணிய பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. வீணைக்கு அத்தகைய சடங்குத் தேவை இருந்ததில்லை. இன்று காரைக்குடிப் பாணியைப் பயிலும் மாணவர், எழுத்துக்கு எழுத்து மீட்டு விழ வேண்டிய இடத்தை ஆசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். தாளத் தந்தியைத் தானத்தின் நடையோடு பிணைக்கக் கற்கிறார். வீணையைக் கிடத்தியே வாசிக்கிறார். சுப்பராமய்யரின் நிறுத்திய வீணையை அவருக்குப் பின் மேடையில் பரவலாக எடுத்துச் சென்றவர் இல்லை. அவர் தம் தம்பியோடு ஒத்துக்கொண்ட மீட்டுகளே அந்தப் பாடத்துக்குள் இருக்கின்றன.